சிதைந்த முகங்களுக்கு மூக்கும் புருவமும் தந்த கொல்லிமலைப் பையன்: யார் இந்த டாக்டர் பால் பிராண்ட்?

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, செம்மேட்டில் இருக்கும் வல்வில் ஓரி சிலை. பைக் ரைடு ரீல்ஸ் பார்த்தவர்களுக்கு இன்னும் ரெண்டு வியூ பாயின்ட் தெரிந்திருக்கும். அதே மலையில், செம்மேட்டிலிருந்து அதிக தூரமில்லாத வாழவந்தியில் வளர்ந்த ஒரு பையன், பின்னாளில் உலக மருத்துவப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். அமுங்கிப்போன மூக்கைத் தூக்கி நிறுத்தினார். உதிர்ந்துபோன புருவத்தைத் தலைமுடியிலிருந்து எடுத்து வைத்தார்.

அவர் பெயர் பால் வில்சன் பிராண்ட். வேலூர் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மருத்துவம் படிப்பவர்கள் கை அறுவை சிகிச்சைப் பாடத்தில் இவர் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அவர் வளர்ந்த மலைக்கு வாராவாரம் போய்வரும் நமக்கு அவரைப் பற்றி பெரிதாகத் தெரியாது.

மலை மேல் ஒரு பிள்ளைப்பருவம்

பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17. அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவிலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அம்மா லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண். அப்பா கட்டட வேலை தெரிந்தவர். இந்தியா வருவதற்கு முன் வெப்பமண்டல நோய்கள் பற்றி ஒரு வருடக் கோர்ஸ் மட்டும் முடித்திருந்தார். அன்று கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. நடந்து ஏற வேண்டும், அல்லது டோலி. மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் மேலே தங்கவே மாட்டார்கள்.

டாக்டரே இல்லாத மலையில் அந்த ஒரு வருடப் படிப்புதான் ஆஸ்பத்திரி. ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறி விட்டார், நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் வெளியே எடுத்தார். இந்தப் புழு வருவது குடிதண்ணீரிலிருந்து. தண்ணீருக்குள் கால் வைத்து இறங்குவதைத் தடுத்தால் நோய் பரவாது என்று தெரிந்துகொண்டு, கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார்.

குட்டிப் பையன் பாலுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. சீழும் ரத்தமும் பார்த்தாலே குமட்டல். ஒருநாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கை, கால் விரல்கள் பாதி இல்லை. அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் சாப்பாடு வைத்துக் கொடுத்தார். அவர்கள் போனதும், விட்டுச் சென்ற கூடையை அம்மா எரித்துவிட்டார். பாலையும் தங்கை கோனியையும் அந்த இடத்துக்கே போகக் கூடாது என்று தடுத்தார்கள். மற்ற எந்த நோயாளியிடமும் காட்டாத பயத்தை அப்பா அம்மா அன்று காட்டினார்கள். அது அந்தச் சிறுவன் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அந்த நோய்தான் தொழுநோய்.

9 வயதில், 1923இல், படிப்புக்காக பாலும் கோனியும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பாவை அவர் பார்த்தது அதோடு சரி. 1929 ஜூனில், மலேரியா முற்றி வரும் பிளாக்வாட்டர் காய்ச்சலில் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே இறந்தார். செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா தன் கைப்பட எழுதிய கடைசிக் கடிதம் கப்பலில் ஏறி, சாவுச் செய்திக்குப் பிறகு மகன் கைக்கு வந்து சேர்ந்தது. பாலுக்கு அப்போது 15 வயதுகூட ஆகவில்லை.

கொத்து வேலையிலிருந்து மருத்துவம்

மருத்துவம் வேண்டாம் என்பதில் பால் உறுதியாக இருந்தார். 16 வயதில் பள்ளியை விட்டு, கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். தச்சு, கொத்து, கல்வேலை என்று கிட்டத்தட்ட ஐந்து வருடம். மலைக்குத் திரும்பி வந்து வீடும் பள்ளிக்கூடமும் கட்டலாம் என்பதுதான் திட்டம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஐந்து வருட கேப். ஆனால் இந்த கேப்தான் பின்னால் அவருக்கு ரொம்பவே கைகொடுத்தது.

அப்பா படித்த அதே வெப்பமண்டல மருத்துவக் கோர்ஸில் பாலும் சேர்ந்தார். அதன் பகுதியாக லண்டனில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. ஒரு ராத்திரி, ரத்தம் முழுக்கப் போய் பிணம் போல வெளுத்திருந்த ஒரு இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பால் பார்த்துக்கொண்டே இருக்க, கன்னத்தில் நிறம் வந்தது, கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். அந்த ராத்திரியோடு கொத்து வேலைத் திட்டம் முடிந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் சேர்ந்தார். படிக்கும்போதே இரண்டாம் உலகப் போர். குண்டு விழுந்து கை கால் நசுங்கி வருபவர்களை வைத்துத்தான் அவர் அறுவை சிகிச்சை கற்றார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943இல் திருமணம் செய்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் கண் என்று வரும் இடமெல்லாம் மார்கரெட் வருவார்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

1946 கடைசியில் பால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் ஆரம்பித்த கல்லூரி, அப்போது எம்.பி.பி.எஸ். நடத்த அங்கீகாரம் பெற உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அழைத்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். அடுத்த வருடம் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மடங்கிய விரல்கள், விரலே இல்லாத கைகள், புண் பிடித்த பாதங்கள். எலும்பு மருத்துவராக பால் கேட்டது சாதாரணக் கேள்விதான்: இந்தக் கைகளை யாராவது சர்ஜன் ஆராய்ந்திருக்கிறாரா? யாரும் இல்லை. லட்சக்கணக்கானவர்களை முடமாக்கும் நோய், ஆனால் அது சரும நோய் டாக்டரின் வேலை என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள்.

அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்தவருக்கு உயிர் போகும் வலி. அந்த மனிதரின் பிடி அவ்வளவு பலமாக இருந்தது. தான் அழுத்துவது அடுத்தவருக்கு வலிக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கையில் உணர்ச்சி கிடையாது. பால் பிராண்டின் அடுத்த 20 வருட வேலை அந்தக் கைப்பிடியில்தான் ஆரம்பித்தது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன, மற்றவை முழு பலத்தோடு இருக்கின்றன.

எந்தத் தசை, ஏன் என்று தேடினார்கள். இறந்த நோயாளிகளின் உடல்களைப் பரிசோதித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. நரம்பு முழுவதும் கெடவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலில், கணுக்காலில் என்று தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில் மட்டும் வீங்கிக் கிடந்தது. தோலுக்கு அருகில் என்றால் உடலிலேயே குளிர்ச்சியான இடம். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும்! அதனால் முழங்கைக்குக் கீழே உடனே பிரிந்துபோகும் பல தசைகள் தப்பித்துவிடுகின்றன. விரலை நேராக்கும் உள்ளங்கைச் சிறு தசைகள் மாட்டிக்கொள்கின்றன.

அப்படியானால் நல்ல தசையின் வேலையைக் கெட்ட தசையின் இடத்துக்கு மாற்றலாம். மணிக்கட்டை இயக்கும் ஒரு நல்ல தசையின் நாணை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணை அதோடு இணைத்து நீளமாக்கி, நாலாகப் பிரித்து, நாலு விரலுக்கும் கொண்டுபோய்க் கட்டுவது. இதைத்தான் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை என்கிறார்கள். அடிப்படை உத்தி போலியோவுக்கும் காயங்களுக்கும் ஏற்கெனவே இருந்தது. தொழுநோய்க் கைக்கு அதைப் பெரிய அளவில், முறையாகச் செய்து, பல வருடம் கணக்கு வைத்துக் காட்டியவர் பால். 1952இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இதைப் பற்றி ஹண்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

நல்ல கையால் வந்த பிரச்சினை

கை நிமிர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஆபரேஷன் முடிந்து சந்தோஷமாகப் போன ஆரம்பகால நோயாளி ஒருவர், கொஞ்ச நாளில் வாடிப்போய்த் திரும்பி வந்தார். டாக்டர் கொடுத்த கை, பிச்சை எடுக்க லாயக்கில்லாத கை என்பதுதான் அவர் குறை. மடங்கிய கையைப் பார்த்தால் காசு போட்டவர்கள், நேரான கையைப் பார்த்து நகர்ந்துவிடுகிறார்கள். அதற்காக யாரும் வேலையும் தருவதில்லை, வாடகைக்கு வீடும் தருவதில்லை. இத்தனைக்கும் அப்போது டாப்சோன் வகை மாத்திரைகள் வந்துவிட்டன. நோய் குணமாகியிருந்தது. ஊர்தான் அதை ஏற்கவில்லை.

இந்த இடத்தில்தான் பழைய கொத்து வேலை உதவியது. 1951இல் வேலூரில் நவஜீவன நிலையம் என்ற சின்னக் குடியிருப்பை ஆரம்பித்தார்கள். கிராமத்தில் இருப்பது போலவே மண் குடிசைகள், வெள்ளையடித்த சுவர். தச்சுப் பட்டறை. நோயாளிகளுக்கு மரப் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தது சர்ஜனே.

அங்கே வேலை செய்தபோதுதான் பெரிய புதிர் ஒன்று அவிழ்ந்தது. தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்பது அன்று டாக்டர்களே நம்பிய விஷயம். ஆனால் சரிசெய்த கைகளைத் தினமும் கவனித்தால் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. சுத்தியல் கைப்பிடியில் ஒரு சிம்பு. அடுப்பிலிருந்து வெறும் கையால் எடுத்த சூடான பாத்திரம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பால் தடுமாற, பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகிவிட்டான். எப்படி இவ்வளவு பலம் என்று பார்த்தால், அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை.

சில காயங்களுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. ராத்திரி முழு விரலோடு படுத்தவர் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்தார். யாரையோ ராத்திரி விழித்திருந்து பார்க்கச் சொன்னார்கள். எலி! தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிக்கிறது, வலி இல்லாததால் ஆள் எழுந்திருப்பதில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு சரியான மருந்துச் சீட்டை நான் படித்ததில்லை.

ஆக, சதை தானாக அழுகவில்லை. வலி இல்லாததால் மனிதர்கள் தெரியாமலேயே தங்கள் உடலைத் தேய்த்துத் தீர்த்தார்கள். இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கும் உண்மை இது.

கை சரி, முகம்?

ஆனால் ஒருவரின் கையைப் பார்ப்பதற்கு முன் நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம். கை நேராகி, தொழில் கற்று, நோய் குணமாகிவிட்டது என்ற சான்றிதழோடு ஊருக்குப் போனவர்களை முகம் காட்டிக்கொடுத்தது. புருவம் இல்லாத நெற்றி, அமுங்கிய மூக்கு, மூடாத கண். மூன்றையும் பார்த்தாலே பஸ்ஸில் பக்கத்து ஸீட் காலியாகும் காலம் அது.

முகம் ஏன்? மறுபடி அந்தக் குளிர்ச்சிதான். மூச்சுக் காற்று போய் வரும் மூக்கின் உட்புறம் எப்போதும் குளிர்ந்திருக்கும். புருவமும் காது மடலும் அப்படித்தான். கண்ணை மூடும் தசைக்குப் போகும் நரம்பு கன்ன எலும்பின் மேல், தோலுக்குக் கீழேயே ஓடுகிறது.

மூக்கு விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு மாறான ஒன்று உண்டு. வெளித்தோல் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சவ்வும் அழிந்து, வடு சுருங்கி, கம்பு எடுத்த கூடாரம் போல மூக்கு உள்ளே விழுந்துவிடும். நெற்றித் தோலை வெட்டித் திருப்பி மூக்கு செய்யும் முறை நம் நாட்டில் மிகப் பழையது. சுஸ்ருதர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது, 1794இல் லண்டன் பத்திரிகையில் புனே பக்கத்துச் சம்பவமாக வெளியாகி ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனால் இங்கே தோல் இருக்கிறது, உள்சுவர்தான் இல்லை. அதனால் சர்ஜன்கள் வேறு வழி போனார்கள். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்பக்கமாகத் திறந்து, முகத்தில் வெளியே தெரியும்படி ஒரு வெட்டும் போடாமல், சுருங்கிய வடுவை விடுவித்து மூக்கைத் தூக்குவது. ஓர் அச்சின் மேல் மெல்லிய தோலைச் சுற்றி உள்ளே வைத்துப் புதிய உள்சுவர் உண்டாக்குவது. தேவைப்பட்டால் பிறகு எலும்புத் துண்டு வைத்துப் பாலம் அமைப்பது. நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் முன்னோடி ஹெரால்டு கில்லீஸ், சிபிலிஸ் நோயால் அமுங்கிய மூக்குகளுக்கு 1920களில் உருவாக்கிய முறை இது. வேலூரில் அது தொழுநோயாளிகளுக்குப் போனது.

புருவம் இன்னும் சுவாரஸ்யம். காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் விரலை வைத்தால் ஒரு ரத்தக் குழாய் துடிப்பது தெரியும். அந்தக் குழாய் போய்ச் சேரும் தலைத்தோலில், முடியோடு புருவ வடிவத்தில் ஒரு துண்டை வெட்டுவார்கள். குழாயை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம் போல வழி செய்து, குழாயோடு சேர்த்து அந்தத் துண்டைப் புருவம் இருக்க வேண்டிய இடத்துக்கு இழுத்துத் தைப்பார்கள். ரத்த ஓட்டம் நிற்காததால் முடி வளரும். நன்றாகவே வளரும், ஏனென்றால் அது தலைமுடி! மாதாமாதம் வெட்டிவிட வேண்டும். சில நோயாளிகள் வெட்டவே மறுத்துவிட்டார்கள். பல வருடம் புருவமே இல்லாமல் இருந்தவர்கள் ஆயிற்றே, அடர்த்தியாக, நீளமாக வளரவிட்டு ஊருக்குக் காட்டினார்கள்.

கண்ணுக்கு மார்கரெட். அவர் கண் மருத்துவம் படித்தவர் அல்ல. வேலூரில் கண் பிரிவில் ஆள் இல்லை என்று போய் நின்று, வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டவர். தொழுநோயில் இமை மூடும் தசை செயலிழக்கும், கருவிழியின் உணர்ச்சியும் போய்விடும். தூசு விழுந்தாலும் உறுத்தாது, கண் சிமிட்டாது, கண் காய்ந்து, புண்ணாகி, கடைசியில் பார்வை போகும். கையிலும் காலிலும் உணர்ச்சி இல்லாதவருக்குக் கண்ணும் போனால்? தடவிப் பார்க்கக்கூட வழியில்லை. இதற்கு ஒரு அறுவை சிகிச்சை உண்டு. உணவை மெல்லும் தசையின் ஒரு கீற்றைப் பிரித்து இமைகளோடு இணைப்பது. அதன் பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும். நோயாளி அவ்வப்போது மெல்லுவது போலச் செய்து கண்ணை ஈரமாக வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

இதற்கும் இன்றைய மைக்ரோசர்ஜரிக்கும் என்ன தொடர்பு?

உங்கள் குடும்பத்திலோ நண்பர் வட்டத்திலோ யாருக்காவது வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்திருந்தால், கால் எலும்பை எடுத்துத் தாடை செய்தார்கள், முன்கைத் தோலை எடுத்து நாக்கு செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புகையிலை, பான், குட்கா புண்ணியத்தில் இந்தியாவில் இந்தத் துறைக்கு வேலை குறைவதே இல்லை. தலை, கழுத்துப் பகுதியை மைக்ரோசர்ஜரியில் மறுபடி உருவாக்கும் சர்ஜன்கள் செய்வது இதைத்தான்.

பால் பிராண்ட் மைக்ரோசர்ஜன் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். அவர் காலத்துப் புருவ ஆபரேஷனில் ரத்தக் குழாயை அறுக்கவில்லை, அறுத்திருந்தால் மறுபடி இணைக்க அன்று வழி இல்லை. அதனால் அந்தக் குழாய் எட்டும் தூரத்துக்குள்தான் திசுவை நகர்த்த முடியும். தலையிலிருந்து புருவத்துக்கு எட்டும். காலிலிருந்து தாடைக்கு எப்படி எட்டும்?

1960இல் அமெரிக்காவில் ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வைத்துச் சிறு ரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில், திசுவை அதன் ரத்தக் குழாயோடு முழுவதுமாக வெட்டி எடுத்து, உடலின் வேறு இடத்தில் வைத்து, அங்குள்ள குழாயோடு தைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஃப்ரீ ஃபிளாப் என்று பெயர். குழாயின் அகலம் சில மில்லிமீட்டர்தான். நூல் தலைமுடியைவிட மெல்லியது. காலில் இரண்டு எலும்பில் மெல்லிய எலும்பை எடுத்துத் தாடை செய்யும் முறை 1989இல் வந்தது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் ராத்திரி பகலாக நர்ஸ் வந்து அந்தத் திசுவின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பது, உள்ளே ரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

கருவி மாறியது. ஆனால் ரத்த ஓட்டத்தோடு திசுவை நகர்த்துவது, போன உறுப்பின் வேலையை உடலின் வேறு பகுதிக்குக் கற்றுக்கொடுப்பது என்ற இரண்டும் அந்தப் புருவத்திலும் அந்த இமையிலும் ஏற்கெனவே இருந்தன. முகம் சரியாக இருப்பது அழகு சமாச்சாரம் இல்லை, ஒரு மனிதர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா முடியாதா என்ற சமாச்சாரம் என்பதும்தான். தாடை இழந்த புற்றுநோயாளியைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்.

லண்டனில் ஒரு ராத்திரி

1950களில் ஒருமுறை பால் அமெரிக்கா போய்விட்டு, கப்பலில் இங்கிலாந்து வந்து, நீண்ட ரயில் பயணம் முடித்து லண்டனில் ஒரு அறையில் தங்கினார். உடம்பு சரியில்லை, ஜுரம். சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை.

தினமும் தொழுநோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருந்த டாக்டர் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மனைவி, பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டியிருக்கும். தன்னோடு வேலை செய்ய இனி யார் வருவார்கள்? ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குத் தைரியம் சொன்னவர், அந்தச் செய்தி தனக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டார். விடிந்ததும் மறுபடி ஊசியை ஆழமாகக் குத்தினார். அலறினார். வலித்தது! ரயிலில் ஒரே பக்கமாக உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

வேலூரிலிருந்து கார்வில்

1950களின் நடுவில் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இயங்க ஆரம்பித்தது. பால் பிராண்ட் குழுவின் முறைகளைக் கற்றுக்கொள்ளப் பல நாடுகளிலிருந்து சர்ஜன்கள் வேலூருக்கும் கரிகிரிக்கும் வந்தார்கள். 1960இல் லாஸ்கர் விருது, 1961இல் பிரிட்டனின் சி.பி.இ. பட்டம்.

1966இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். லூசியானா மாநிலம் கார்வில்லில் இருந்த அரசு தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவர். அங்கே பணம் இருந்தது, லேப் இருந்தது. ஒரு கனவுத் திட்டத்தை முயன்றார்: செயற்கை வலி. கையுறையிலும் செருப்பிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார். ஆபத்தான அழுத்தம் வந்தால் முதலில் சத்தம், பிறகு சுருக்கென்று மின் அதிர்ச்சி. ஸ்மார்ட்வாட்ச் காலத்து ஐடியா, அரை நூற்றாண்டுக்கு முன்பே. வருடக்கணக்கில் உழைத்தும் தோற்றது. சென்சார்கள் அடிக்கடி பழுதாயின என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஏதாவது வேலையை முடித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் நோயாளி ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். நிஜ வலிக்கு ஸ்விட்ச் கிடையாது. வலி என்பது யாருக்கும் வேண்டாத பரிசு என்ற கருத்தில் 1993இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

கார்வில்லில் உருப்படியாக நடந்த இன்னொன்று நம் எல்லோரையும் தொடுகிறது. நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண் தொழுநோயாளிகளின் பாதப் புண் போலவே இருப்பதை அவர் கவனித்தார். ரத்த ஓட்டம் குறைவதுதான் காரணம், விரலை வெட்டு, காலை வெட்டு என்பதே அன்றைய வழக்கம். ஆனால் அதில் பெரும்பகுதி, உணர்ச்சி போனதால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடந்து வந்த புண். இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்ப் பாதங்களுக்கு ஏற்கெனவே பயன்பட்ட மாவுக்கட்டு முறையை அமெரிக்க நீரிழிவு நோயாளிகளுக்குக் கொண்டுபோனார். அழுத்தம் பாதம் முழுக்கப் பரவ, புண் ஆறியது. வேலூரில் தொழுநோயாளிகளுக்காகச் செய்து பார்த்த மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று நம்ம ஊர் சுகர் கிளினிக்குகளில் சகஜம். 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் ஆய்வு வெளியான நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அம்மா கொல்லிமலையை விடவில்லை

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. எவிலினை மிஷன் அமைப்பு வயதாகிவிட்டது என்று ஓய்வு பெறச் சொன்னது. ஓய்வு பெற்றார், பெற்ற கையோடு, சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையில் ஏறிக் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று 90 வயதைத் தாண்டியும் சுற்றினார். ஊரில் பாட்டி பிராண்ட். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். கணவர் ஜெஸ்ஸி பக்கத்திலேயே, கொல்லிமலையில் அடக்கம்.

பால் 1986இல் ஓய்வு பெற்று சியாட்டிலில் குடியேறினார். கை இயங்கும் விதம் பற்றி அவர் 1985இல் வெளியிட்ட பாடநூல் கை சர்ஜன்கள் மத்தியில் இன்றும் புழங்குகிறது. 2003இல் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மூளை உறையில் ரத்தம் கட்டி, ஜூலை 8 அன்று இறந்தார். இன்னும் ஒன்பது நாளில் 89 வயது ஆகியிருக்கும். மார்கரெட் 2014இல் காலமானார்.

தொழுநோய் போய்விட்டதா என்றால், இல்லை. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான், வருடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதம். சீக்கிரம் ஆரம்பித்தால் கையும் மடங்காது, மூக்கும் அமுங்காது.